கூடத்தின் நடுவே பச்சைக் கோடு

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மாமியாரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் உடம்பளவிலும், முடிந்தால் மனதளவிலும், சுகமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் வேலை நல்லபடியாக நடப்பதாக மகள் சொன்னாள். லேசர் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், தெருவையும் வீட்டையும் மரத்தையும் புள்ளி புள்ளியாக அளந்து, வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே எவ்வளவு ஏறும், சனங்கள் எந்த வழியாகத் தப்பிக்கலாம் என்று கணினிக்குள் வரைபடம் போட்டுக் கொடுக்கிறீர்கள். உயர்ந்த காரியம். கடைத்தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லி வந்தவன் நான். அதை முதலில் சொல்லிவிட்டு, வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை, என் வீட்டை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லாமலா இருந்தேன்? நான் போனை எடுத்து, ஒரு சின்ன விஷயம் மாப்பிள்ளை என்று தொண்டையைக் கனைப்பதற்குள் உங்கள் மாமியார் எங்கிருந்தோ பாய்ந்து வந்து போனைப் பிடுங்கி, ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டார், சாப்பிட்டீர்களா, இளைத்துப் போய்விட்டீர்களாமே என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறாள். மகளிடம் சொன்னால், அவரே வேலை டென்ஷனில் இருக்கிறார், நீங்கள் வேறு ஆரம்பிக்காதீர்கள் அப்பா என்கிறாள். ஒரே ஒரு முறை, உங்கள் மாமியார் குளிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து, முழு விவரத்தையும் உங்களிடம் சொல்லி முடித்தேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, டேட்டா கரெக்டாத்தான் இருக்கு. அன்னைக்கு உங்க வீடு அப்படித்தான் இருந்துச்சு" என்றீர்கள். அதற்கு நான் என்ன சொன்னேன்? சரிங்க மாப்பிள்ளை, உடம்பைப் பார்த்துக்குங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு ஒருவன் அப்படிச் சொல்லியிருந்தால் நான் பேசியிருக்கும் பேச்சே வேறு. பெண்ணைக் கொடுத்த இடத்தில் குரலை உயர்த்தி எனக்குப் பழக்கமில்லை. கடிதத்தை யாரும் பாதியில் பிடுங்க முடியாது என்பதால் எழுதுகிறேன். அதையும் கூடத்தில் உட்கார்ந்து எழுத வழியில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் கால் தடுக்குகிறது. சாமான் அறையில் ஒரு காலி டிரம்மின் மேல் பலகையைப் போட்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம், கோபம் அல்ல. கோபமும் உண்டு.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியும். வங்கியில் பெட்டக அறைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் தொழில் கதவைப் பூட்டுவது. பூட்டிய பின் இழுத்துப் பார்ப்பது. இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பி, இழுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, பாதி வழியில் திரும்பிப் போய் மறுபடியும் இழுத்துப் பார்ப்பது. மேனேஜரே வந்து கேட்டாலும் கையெழுத்து இல்லாமல் அந்தக் கதவைத் திறந்தவன் இல்லை நான். அப்படிப்பட்டவன் வீட்டில் முன்கதவும் பின்கதவும் ஒரே நேரத்தில் திறந்து கிடந்த நாள் வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான். அது நீங்கள் கருவியோடு எங்கள் தெருவுக்கு வந்த நாள்.

நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டுச் சாலை. தெருவில் இருக்கிற அத்தனை பேரும் மேட்டுச் சாலைக்கு ஏறுவது எங்கள் வீட்டுக்கும் பக்கத்துக் குடோனுக்கும் நடுவே உள்ள சந்து வழியாகத்தான். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளை நம் தெருவை அளக்க வருகிறார், வேலை முடிந்து நம் வீட்டில்தான் தங்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் உங்கள் மாமியாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டில் இருந்த படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை, ஜன்னல் திரை என்று துணி என்ற பெயருள்ள எல்லாவற்றையும் துவைத்தாள். மாடிக் கொடியில் இடம் போதவில்லை. குடோன் சுவரிலிருந்து நம் சுவருக்குக் கயிறு கட்டி, சந்தின் குறுக்கே மேலிருந்து தரை வரைக்கும் இடைவெளி இல்லாமல் தொங்கவிட்டாள். எனக்கும் ஒரு கவலை. வீட்டு மாப்பிள்ளை வெயிலில் தெருவில் நின்று வேலை பார்க்கிறார், மாமனார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்றால் பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள்? அதனால் முன்கதவை அகலத் திறந்து கல்லை வைத்தேன். நீங்கள் உள்ளே வரும்போது காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பின்கதவையும் திறந்து வைத்தேன். வீடு கட்டிய மேஸ்திரி இரண்டு வாசலையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருந்தார். தெருவில் நின்று பார்த்தால் மேட்டுச் சாலையில் போகிற பஸ் தெரியும். நீங்கள் முக்காலியை நிறுத்தினீர்கள். அதன் மேல் இருந்த கருவி தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்பியது. நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா என்று நான் கேட்டேன். ஒன்றும் வேண்டாம், எப்போதும் போல இருங்கள் என்றீர்கள். எப்போதும் போலத்தான் நாங்கள் இல்லையே, மாப்பிள்ளை. உங்களுக்குச் செய்த மரியாதையில் வீடே தலைகீழாக அல்லவா இருந்தது.

கருவிக்கு மாமனார் மாப்பிள்ளை தெரியுமா? அது கண்டதைக் கண்டபடி எழுதிக்கொண்டது. சந்தைப் பார்த்தது, குறுக்கே வெள்ளையாக ஏதோ நின்றது, சுவர் என்று குறித்துக்கொண்டது. வீட்டைப் பார்த்தது, இந்தப் பக்கம் திறப்பு, அந்தப் பக்கம் திறப்பு, நடுவில் தடை ஏதும் இல்லை, கூரை போட்ட நடைபாதை என்று குறித்துக்கொண்டது. அந்த வரைபடம் பேரிடர் அலுவலகத்துக்குப் போனது. அவர்கள் தெரு மக்கள் தப்பிக்கும் வழியைப் பச்சைக் கோடாகப் போட்டார்கள். அந்தக் கோடு என் வீட்டு வாசல்படி ஏறி, கூடத்தின் நடுவே நடந்து, சாப்பாட்டு மேஜையை உரசி, சமையலறையை எட்டிப் பார்த்து, பின்கட்டுப் படி வழியாக மேட்டுச் சாலைக்குப் போகிறது.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். ஒரு நாள் காலையில் துளை போடும் மெஷினோடு ஒருவர் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் பலகை ஒன்றை அடித்தார். பலகையில் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருந்தான். குழாய் இணைப்புக்காரராக இருக்கும் என்று நினைத்து நானே ஸ்டூல் எடுத்துக் கொடுத்தேன். அவர் நேராகக் கூடத்துக்குள் வந்து, கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள், அம்பு டிவிக்கு மேலே வர வேண்டும் என்றார். சண்டை போட நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே பேரிடர் அலுவலக அதிகாரி அம்மா வந்துவிட்டார். கையில் பலகை மாதிரி கணினி. மிக மரியாதையான பெண். அந்த மரியாதைதான் என்னைக் கொல்கிறது. கத்தினால் திருப்பிக் கத்தலாம். இது வீடு என்றேன். அப்படியா சார் என்று குறித்துக்கொண்டார். சந்து பக்கத்தில்தான் இருக்கிறது என்று கையோடு அழைத்துப் போய்ச் சந்தின் நட்டநடுவே நிறுத்தினேன்.

"மேடம், இப்ப நீங்க எங்க நிக்கிறீங்க?"

அவர் கணினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கணினியைப் பார்த்தார்.

"சுவருக்குள்ள நிக்கிறேன் சார்."

"சுவர் எங்க இருக்கு? கண்ணுக்குத் தெரியுதா?"

"எனக்குத் தெரியலதான் சார். ஆனா இது கண்ணை விட நுணுக்கமா அளந்தது. நம்ம கண்ணை நம்பி ஊரைப் பாதுகாக்க முடியாதில்ல?"

இதைச் செய்தது என் மாப்பிள்ளைதான் என்று சொல்லவும் முடியவில்லை. பெருமையாகச் சொல்வதா, புகாராகச் சொல்வதா என்று முடிவு செய்வதற்குள் அவர் வண்டி ஏறிவிட்டார்.

பிறகு ஒத்திகை என்று ஒரு கூத்து நடந்தது. சங்கு ஊதினால் தெருவே கிளம்பிப் பச்சைக் கோட்டின் மேல் நடக்க வேண்டுமாம். எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் என்று உங்கள் மாமியார் இன்றைக்கும் சாதிக்கிறாள். என் காதில் விழவில்லை. நான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வெளியே வருகிறேன், கூடம் முழுக்க ஜனம். செருப்புக் காலோடு வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் எனக்கு வணக்கம் வேறு சொல்கிறார்கள். இரண்டு கையாலும் பதில் வணக்கம் சொல்லும் நிலையிலா நான் இருந்தேன்? முன்னால் நின்று வழிகாட்டியவர் எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவருக்கு எதையும் தன் பாணியில்தான் சொல்ல வரும். மேஜை கிட்டே வேகத்தைக் குறையுங்கள், இடது பக்கம் ஒட்டியே போங்கள், யாரும் ஓவர்டேக் செய்ய வேண்டாம் என்று என் வீட்டுக்குள் நின்று என் எதிரிலேயே போக்குவரத்தை ஒழுங்கு செய்கிறார். முனை வீட்டுத் தையல்காரம்மா நடந்துகொண்டே நம் ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்து, நீளம் போதவில்லையே என்றார். ஒருவர் டிவி முன்னால் நின்று ஸ்கோர் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அடுப்பில் பொங்கிய பாலை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அதற்கு நன்றி சொல்வதா, சமையலறைக்குள் ஏன் போனீர் என்று கேட்பதா? கடைசியில் அதிகாரி அம்மா வந்து, எல்லாம் நன்றாக இருந்தது, சோஃபாதான் நெரிசல் உண்டாக்குகிறது என்று வருத்தத்தோடு சொன்னார். நான் ஓய்வு பெற்ற அன்று வங்கியில் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த சோஃபா அது. இப்போது மாடிக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. போகும்போது கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அதில்தான் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மழைக்காலம் முடிகிற வரைக்கும் இரண்டு கதவையும் பூட்டக் கூடாதாம். என்னிடம் சொல்கிறார் மாப்பிள்ளை, என்னிடம்.

ஒத்திகையோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தினமும் காலையில் பஸ் பிடிக்க நம் கூடம் வழியாகத்தான் போகிறார். சந்து பக்கத்திலேயே காலியாகக் கிடக்கிறது, அப்படிப் போகலாமே என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். மேப்பில் சந்து இல்லையே சார், நாளைக்கு ஆபத்து என்று வந்தால் கால் தானாக இந்தப் பக்கம் வர வேண்டாமா என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்; என் நிலைமை அவருக்கு நல்ல பொழுதுபோக்கு. அவரைப் பார்த்து அவரிடம் வண்டி கற்றுக்கொள்கிறவர்கள், அவர்களைப் பார்த்து முனை வீட்டுக்காரர்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், என் தோளுக்கு மேலே குனிந்து ஒருவர் தலைப்புச் செய்தியைப் படித்துவிட்டு, அட, விலை ஏறிடுச்சா என்று சொல்லிக்கொண்டே பின்கட்டுக்குப் போவார். இதில் எனக்கு எது பொறுக்கவில்லை தெரியுமா? செருப்பு இல்லை, சத்தம் இல்லை. உள்ளே வரலாமா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? தெருவில் நடக்கிறவன் தெருவைக் கேட்டுவிட்டா நடக்கிறான்? நான் அவர்களுக்கு வீட்டுக்காரன் இல்லை, வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ஓர் ஆள்.

உங்கள் மாமியாராவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், அவளுக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறது. நம் பெண் கல்யாணமாகிப் போனதிலிருந்து இந்த வீட்டில் மனுஷக் குரலே கேட்கவில்லை, நாலு பேர் வந்து போனால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்கிறாள். போகிறவர்களிடம், திரும்பி வரும்போது நல்ல வெங்காயமாகப் பார்த்து வாங்கி வரச் சொல்கிறாள். அவர்களும் வாங்கி வருகிறார்கள். தெருவில் யாருக்கு யாரோடு மனஸ்தாபம், யார் பிள்ளை எந்தப் பாடத்தில் தேறவில்லை என்று எல்லாம் இப்போது அவளுக்கு அத்துப்படி. அது போகட்டும், நான் கூடத்தில் உட்கார்ந்து பொதுவாகக் கோபப்பட்டால், அவர் அப்படித்தான், நீங்கள் போங்கள் என்று வழிப்போக்கர்களிடம் எனக்காக மன்னிப்புக் கேட்கிறாள்.

இவ்வளவையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். போன வாரம் பேரிடர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கேதான் தலையில் இடி விழுந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தரிடம், ஐயா, வரைபடத்தில் வழி என்று போட்டிருப்பது என் வீடு என்றேன். அவர் என் தெருவைத் தட்டிப் பார்த்தார். வழி என்றுதான் இருக்கிறது, வீடு இருப்பதாகத் தகவல் இல்லையே என்றார். தகவல் எதற்கு, நானே அதில்தானே குடியிருக்கிறேன் என்றேன்.

"பொது வழியில குடியிருக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க, சார். அவங்களை எழுப்பி விடுற பிரிவு அடுத்த ஜன்னல். நீங்களா போய்ச் சொல்லிட்டா கொஞ்சம் அவகாசம் கொடுப்பாங்க."

மாப்பிள்ளை, ஆயுசு முழுக்க உழைத்துக் கட்டிய வீட்டில் நான் ஆக்கிரமிப்பாளன் ஆகிவிட்டேன். மழைக்காலம் முடிந்ததும் பொது வழிகளில் உள்ள தடைகளை அகற்ற வருவார்களாம். அந்தத் தடைகளின் பட்டியலில் இப்போதைக்கு என் சாப்பாட்டு மேஜையும் சமையலறைச் சுவரும் இருக்கின்றன. பத்திரம் காட்டினேன். பத்திரத்தில் இருப்பது பழைய நிலவரம், கருவியில் இருப்பது இன்றைய நிலவரம் என்கிறார்கள். ஒருமுறை அளந்ததை மாற்ற வேண்டும் என்றால் அதே நிறுவனம் அதே கருவியைக் கொண்டு வந்து மறுபடி அளக்க வேண்டும். அதுவும் வரைபடத்துக்கு முத்திரை விழுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். முத்திரை இந்த மாதக் கடைசியில் விழுகிறது. விழுந்துவிட்டால் அடுத்த அளவை வரைக்கும் அதுதான் சட்டம். அடுத்த அளவை எப்போது என்று கேட்டேன். எழுத்தருக்கே தெரியவில்லை, மேலே பார்த்தார்.

ஆகையால் உங்களைக் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். கருவியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வாருங்கள். எங்களுக்காகப் பலகாரம் ஏதும் வாங்கி வர வேண்டாம். முன்கூட்டியே எங்களிடம் சொல்லவும் வேண்டாம். சொன்னால் உங்கள் மாமியார் மறுபடியும் துவைக்க ஆரம்பித்துவிடுவாள். துணியெல்லாம் இப்போது குளியலறைக்குள்தான் காய்கிறது, அதாவது காயாமல் தொங்குகிறது. நாளை காலையிலிருந்து இரண்டு கதவையும் பூட்டிவிடப் போகிறேன். அதிகாரி அம்மா என்ன சொன்னாலும் சரி, யார் வந்து தட்டினாலும் சரி, திறப்பதாக இல்லை. நீங்கள் எந்த நேரத்தில் வந்தாலும் உங்கள் கருவி பார்க்க வேண்டியது பூட்டிய ஒரு வீட்டையும் திறந்த ஒரு சந்தையும்தான். வந்த அன்று நான் உங்களை உள்ளே வாருங்கள் என்று கூப்பிடாவிட்டால் மனசில் ஏதும் வைத்துக்கொள்ளாதீர்கள். அளந்து முடித்த பின் கூப்பிடுகிறேன். நீங்கள் வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, உண்மையிலேயே என்ன செய்வதென்று தெரியவில்லை.

மகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் பத்தியை மட்டும் காட்டுங்கள். உங்கள் பெற்றோருக்கு எங்கள் பணிவான விசாரிப்புகளைச் சொல்லவும். நீங்களும் மகளும் எல்லாச் செல்வமும் பெற்று, பூட்டினால் பூட்டியபடியே இருக்கும் வீட்டில் நீண்ட காலம் வாழ மனமார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்,
தற்சமயம் பொது வழி ஆக்கிரமிப்பாளர்

பின்குறிப்பு: மேலே எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். படித்ததை மறந்துவிடுங்கள். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஆரம்பத்து மரியாதையெல்லாம் நன்றாக அமைந்துவிட்டது, மறுபடி அப்படி எழுத வராது.

எழுதிய மறுநாள் சொன்னபடியே இரண்டு கதவையும் பூட்டினேன். இழுத்தும் பார்த்தேன். மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. சங்கு ஊதியது. நான் முதல் காரியமாகப் பக்கவாட்டு ஜன்னல் வழியாகச் சந்தைத்தான் எட்டிப் பார்த்தேன், எல்லோரும் அப்படிப் போய்விடுவார்கள் என்ற நம்பிக்கையில். மேட்டுச் சாலைத் தண்ணீர் முழுக்க அந்தச் சந்து வழியாகத்தான் பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மரக்கட்டையும் குடோன் தகரமும் யாருடைய சைக்கிளோ ஒன்றும் அதில் உருண்டு வந்தன. ஒரு பூனைகூட அதில் ஏறிப் போயிருக்க முடியாது. நம் வீட்டு மேடை உயரம், தண்ணீர் கீழ்ப்படியைத்தான் நக்கிக்கொண்டிருந்தது. உங்கள் கருவி தப்பாகப் பார்த்துச் சரியாகச் சொல்லியிருக்கிறது மாப்பிள்ளை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்க ஜன்னலுக்கு ஓடினேன். தெருவே என் கேட்டுக்கு வெளியே நின்றது. இத்தனை நாளும் செருப்புக் காலோடு கூடத்தைக் கடந்தவர்கள், கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, குழந்தையையும் மூட்டையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் அப்படியே நிற்கிறார்கள். ஒருவர்கூடக் கதவை இடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. நான் பூட்டைத் திறந்தேன். முதல் ஆளாக டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் நின்றார், தோளில் அவருடைய சின்னப் பெண். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. வாசல்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு கேட்டார்.

"சார், உள்ள வரலாமா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்று நான் மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்தேன். சுருக்கென்று தைக்கிற மாதிரி பல பதில்கள் வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"வழியில நின்னுகிட்டு என்னய்யா கேள்வி? இது வழிதானே, வாங்க" என்று கத்திவிட்டுப் பெண்ணை அவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அவ்வளவுதான். தெரு முழுக்க நம் கூடம் வழியாக ஏறிப் போயிற்று. மேஜை கிட்டே நின்று இடது பக்கம் ஒட்டிப் போங்கள் என்று நானே கை காட்டினேன். உங்கள் மாமியார் பின்கதவில் நின்று ஒவ்வொருவராகக் கைபிடித்துப் படியேற்றிவிட்டாள். ஒரு உயிருக்கும் சேதம் இல்லை. தையல்காரம்மாதான் கடைசி. அவர் போன பிறகு நான் கூடத்தின் நடுவே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இதையும் மகளிடம் சொல்ல வேண்டாம்.

தண்ணீர் வடிந்ததும் அதிகாரி அம்மா வந்தார். முகமெல்லாம் மகிழ்ச்சி. உங்க மாப்பிள்ளை விடாம பேசி, அதே கருவி முன்னாடி எடுத்த பழைய அளவையெல்லாம் தோண்டி எடுத்துத் தப்பைக் கண்டுபிடிச்சுட்டார் சார், மறுபடி அளக்காமலே எல்லாத்தையும் திருத்தியாச்சு, முத்திரையும் போட்டாச்சு, இனிமே இது உங்க வீடு, யாரும் உள்ள வர முடியாது என்று கணினியைக் காட்டினார். பார்த்தேன். நம் வீட்டுக்கு நாலு பக்கமும் சுவர் எழுப்பியிருந்தது. பச்சைக் கோடு இப்போது சந்து வழியாகப் போகிறது.

மாப்பிள்ளை, யாரைக் கேட்டுத் திருத்தினீர்கள்?

நான் போனில் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை வெளியே சொல்லாமல் எனக்காக அலைந்திருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் இன்னொரு மழை வரும். வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவந்த யாராவது அந்தக் கோட்டை நம்பிக் குழந்தையோடு சந்துக்குள் இறங்குவார்கள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இது வீடு இல்லை, வழிதான் என்று நானே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். முத்திரை விழுந்த பிறகும், வெள்ளம் வந்த தெருவை மட்டும் மறுபடி அளக்க இடம் உண்டாம்; ஆனால் நான் எழுதிக் கொடுத்தால் போதாது, கருவி சொல்ல வேண்டும் என்கிறார் அதே எழுத்தர். இந்த விவரம் தெரிந்ததிலிருந்து தெருவே நம் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எப்போது வருவீர்கள் என்று என்னைத் துளைக்கிறார்கள். வருவார், நான் சொன்னால் என் மாப்பிள்ளை வருவார் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். முக்காலியைத் தெருவில் வைக்க வேண்டாம், நேராக உள்ளே கொண்டு வாருங்கள்.